ஈயக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேருக்கும் இதே வழக்கு.
ஜின்னிங் பேக்டரி நல்லசிவம் அண்ணன் சொல்வார்:
செப்புப் பூச்சு, மூக்கில் குழி,
பட்ட இடத்தில் விரியுமுங்க,
மொசலு ஒரு தப்படி தாண்டாது.
இவர் சொல்வார்:
மொட்டை ஈயம் போதும்.
வேகம் கம்மி, சத்தமும் கம்மி.
ஒன்று தவறினால்கூட
அடுத்த மொசல் காதைத் திருப்பாது.
பிறகு காற்று வரும் பேச்சில்.
மூலனூரில் ஆனி பிறந்தால்
காற்றைப் பேசாமல் எதையும் பேச முடியாது.
வேகமாய்ப் போகிற குண்டைத்தான்
காற்று அதிகம் ஒதுக்கிவிடுகிறதாம்.
அதெப்படி என்று அண்ணன்.
அப்படித்தான் என்று இவர்.
காபி ஆறிக்கொண்டிருக்கும்.

குட்டை, நெட்டை, மொட்டை, குழிமூக்கு,
சுண்டுவிரல் நுனிகூட இல்லாத பாயிண்ட் டூ டூவுக்குள்
இத்தனை பங்காளிகளா?
நான் கேட்டதில்லை.
எனக்கு அவை வேறு பேரில் தெரியும்.

கிணற்று மேட்டில், கொய்யா மரத்துக் கிளையில்
பின்னங்காலைக் கட்டித் தொங்கவிட்டு
சட்டை கழற்றுவதுபோலத் தோலை இழுப்பேன்.
மொட்டை ஈயம் என்றால்
இந்தப் பக்கம் ஒரு மிளகு, அந்தப் பக்கம் ஒரு மிளகு.
நடுவே ஒரு நூல் போகிற வழி.
கறி கெடாது.
குழிமூக்கு என்றால்
முன்னங்கால் சப்பையோடு கறுத்து
நாவற்பழம் நசுங்கியதுபோல,
எலும்புத் தூள் விரலில் குத்தும்.
ஏழு தண்ணீர் அலசியும் நிறம் போகாது.
கால்வாசி மணியனுக்கு.
அது வாலாட்டிக்கொண்டு
எப்போதும் அண்ணன் கட்சி.
குட்டைத் தோட்டா அபூர்வம்.
தலையில் மட்டுமே கண்டிருக்கிறேன்,
அதுவும் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
கிட்டத்தில் போன நாளில்.

கிடைத்த ஈயத்தையெல்லாம்
பல்பொடி டப்பாவில் போட்டு வைத்தேன்.
வீசி எறிய மனம் வராததற்குக் காரணம்,
நாத்தனார் வீட்டுக்காரர் கடைவாயில்
போன பொங்கலுக்கு ஒன்று சிக்கி
பந்தியே எழுந்து நின்றது.
அதையும் கழுவிப் போட்டேன்.
அறுபத்தெட்டு, சித்திரையிலிருந்து.

ஆடி பதினெட்டு முடிந்த ஞாயிறு
வழக்கு சூடாக இருந்தபோது
டப்பாவை அவர்கள் நடுவில் கவிழ்த்தேன்.
உருண்டது பாதி, தட்டையானது பாதி,
ஒன்று காளான் குடைபோல.
அண்ணன் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து
"பார்த்தீங்களா, விரிஞ்சிருக்குது" என்றார்.
பார்த்தேன் என்றேன்.
பெட்டியில் குறைந்த தோட்டா நாற்பத்து மூன்று.
வீட்டுக்கு வந்த மொசல் பதினேழு.
கவுதாரி ஆறு.
ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும்
இருபது எங்கே போச்சுங்க?

தவறியிருக்கும், என்றார் இவர்.
எல்லாமேவா?

காற்று ஓலைத் தடுக்கை ஒரு முறை தூக்கிப் போட்டது.
அண்ணன் காளானைக் கீழே வைத்தார்.
கொறங்காட்டு வடவரம்பில்
கிளுவை வேலிக்குள் நுழைந்ததே ஒன்று,
போன வாரம், பின்கால் இழுபட,
அதை இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
அது யாருடைய தோட்டா என்று
அன்றைக்கு வழக்கு வரவில்லை.

திங்கள் காலை இவர் கொடுவாளோடு போனார்.
உச்சி சாய்ந்து வந்தார்.
கன்னத்திலும் காதிலும் முள் கீறல்,
செருப்பில் கொழுக்கட்டைப் புல் விதை.
ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.
எறும்பு மொய்த்திருந்ததா என்று
கேட்க வந்த வாய்
எரியுதா என்று கேட்டது.

அடுத்த ஞாயிறு
எந்தப் பெட்டி என்று பார்க்கவில்லை,
ஐந்தே ஐந்தை எண்ணிச் சட்டைப் பையில் போட்டார்.
நானும் பார்க்க வேண்டும் என்றுதான்
அவ்வளவு மெதுவாக எண்ணினார்போல.
அண்ணன் வரவில்லை; பருத்தி லாரி வந்திருக்கிறதாம்.
இருட்டி வந்து சட்டையைக் கொடியில் போட்டார்.
பையைத் துழாவினேன்.
நான்கு இருந்தது.

அன்றைக்குக் குழம்பு மொச்சைக்கொட்டை.
இரண்டாவது முறை சோறு கேட்டார், போட்டேன்.
வெளியே மணியன்
வடவரம்பைப் பார்த்தபடி
குரைக்காமல் நின்றிருந்தது.